கேட்கவில்லையா? கேளுங்கள்!

விசைத்தறிப் பட்டறைக்குள் வாய்க்கு வேலை இல்லை. கைதான் பேசும். கட்டைவிரலை வாயருகே சாய்த்தால் டீ. சுண்டுவிரலை நீட்டினால், "என் தறியையும் பார்த்துக்க, வந்துடறேன்." பள்ளிபாளையத்தில் முப்பது வருடம் தறி ஓட்டிய என் அப்பா அந்தக் கைப்பேச்சில் கெட்டிக்காரர். பட்டறைக்குள் அவருடைய குறை யாருக்கும் தெரியவில்லை. அந்த இரைச்சலில் எல்லாருமே செவிடுதான்.

வீட்டில்தான் தெரிந்தது. டிவி சத்தம் தெருமுனை வரை போனது. அம்மா எதையும் மூன்று முறை சொன்னாள். பிறகு சொல்வதையே குறைத்துக்கொண்டாள். பேத்தி மடியேறி வந்து காதோரம் ஒரு ரகசியம் சொன்னாள். அப்பா சிரித்தார். அவள் என்ன சொன்னாள் என்று அவருக்குத் தெரியாது.

ஒரு நாள் கூலிப் பேச்சு. முதலாளி சொல்லச் சொல்ல அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். கணக்கு முடிக்கும்போதுதான், மீட்டருக்குப் பேசிய கூலி அவர் நினைத்ததைவிடக் குறைவு என்று தெரிந்தது. "ஏனுங்கப்பா, அன்னிக்கே கேக்கல?" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவரு சொன்னது எனக்குக் கேக்கல கண்ணு. மறுக்கா கேட்டா செவுடுன்னு நெனைப்பாங்கன்னு தலையாட்டிட்டேன்."

காதால் வாங்குவதும் தமிழில் கேட்டல்தான். வாயால் வினவுவதும் கேட்டல்தான். முதல் கேட்டல் குறைந்துபோனதற்காக என் அப்பா இரண்டாவது கேட்டலையும் விட்டுக்கொடுத்துவிட்டார். காதை எடுத்தது தறி. வாயை எடுத்தது வெட்கம். தறி எடுத்ததை முழுதாகத் திருப்பி வாங்க முடியாமல் போகலாம். வெட்கம் எடுத்ததை இந்த நிமிடமே திருப்பி வாங்கலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

வெட்கம் உங்களுடையது அல்ல

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். 80 டெசிபெல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை காது தாங்கும்; 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாடா அடித்து ஓடும் தறிகள் வரிசையாக நிற்கும் பட்டறையில் சத்தம் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். அங்கே ஷிப்டு பன்னிரண்டு மணி நேரம். ஒரு வாரத்துக்கான அளவை முதல் நாள் டீ நேரத்துக்குள் காது குடித்து முடித்துவிடுகிறது! மிச்ச நாளெல்லாம் கடன்.

அந்தக் கடனைக் கட்டுவது யார்? உள்காதில், நத்தைக்கூடு போன்ற சுருளுக்குள், சுமார் 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் அதிர்வை மூளைக்குப் புரியும் மின்துடிப்பாக மாற்றுவது அவைதான். ஓயாத சத்தத்தில் அவை மடிகின்றன. மடிந்தவை மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. பாவில் நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுத் தறியை ஓட்டிவிடுகிறோம். இந்த நூலுக்கு முடிச்சு கிடையாது.

ஆக, உங்கள் காது குறைந்தது நீங்கள் செய்த தவறால் அல்ல. ஊருக்குத் துணி நெய்ததால் குறைந்தது. பட்டாசு ஆலையில், லேத்துப் பட்டறையில், பேருந்தின் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து உழைத்ததால் குறைந்தது. வயதாலும் குறையும், சர்க்கரை நோயாலும், சில மருந்துகளாலும் குறையும். உலகத்தில் இன்று 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ கருவியோ தேவைப்படும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. இத்தனை கோடிப் பேருக்கு வந்த ஒன்றுக்காக நீங்கள் மட்டும் ஏன் தலை குனிய வேண்டும்?

கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம். போட்டுக்கொண்டு போட்டோவும் எடுத்துக்கொள்கிறோம். காது மங்கினால் மட்டும் ஒளிக்கிறோம். ஏன்? காது கேளாதவரை மந்தபுத்தி என்று நினைத்த ஒரு பழைய மடமை நம் வாயிலும் மனத்திலும் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அந்த மடமையை உடைக்க ஒரு மதுரைப் பெண் போதும். செவித்திறன் குறையுடன் வளர்ந்த ஜெர்லின் அனிகா, 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோருக்கான ஒலிம்பிக்கில் பாட்மின்டனில் மூன்று தங்கம் வென்றார். அதே ஆண்டு அர்ஜுனா விருதும் பெற்றார். அவர் காதை மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் அந்த மூன்று தங்கமும் எங்கே போயிருக்கும்?

ஐந்து நிமிட மண்டபச் சோதனை

கூலிக் கணக்கன்று அப்பா சொன்ன அந்தப் பதிலுக்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. கண்ணில் பட்ட முதல் நோட்டீஸைப் பிடித்துக்கொண்டேன். 'இலவச காது பரிசோதனை முகாம்.' ஒரு கல்யாண மண்டபம். பக்கத்து மேசையில் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மைக்கில் பெயர் கூப்பிடுகிறார்கள், மின்விசிறி கடகடக்கிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அப்பாவின் தலையில் ஹெட்போனை மாட்டினார்கள். ஐந்து நிமிடம். "ரெண்டு காதும் போச்சு. மெஷின் போட்டே ஆகணும். இன்னிக்கு புக் பண்ணினா பாதி விலை."

அப்பா வழக்கம்போலத் தலையாட்டினார். கை சட்டைப் பைக்குப் போனது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "காதுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா?" யாரும் பார்த்திருக்கவில்லை. அப்பாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ஒரு கேள்வி எங்கள் பணத்தைக் காப்பாற்றியது. முகாம்களையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. நல்ல மருத்துவர்கள் நடத்தும் முகாமால் வழி திறந்தவர்கள் ஏராளம். ஆனால், முகாமில் நடப்பது முதல்கட்டச் சல்லடை. அது முழுச் சோதனை ஆகாது. அந்தச் சல்லடையில் குறை என்று தெரிந்தால் அடுத்து முழுச் சோதனைக்குப் போகவேண்டும், பில் போடும் மேசைக்கு அல்ல!

முதல் படி: இ.என்.டி. மருத்துவர்

காது கேட்கவில்லை என்றதும் மெஷின் கடைக்குப் போகாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். காதில் அழுக்கு இறுகி அடைத்திருக்கலாம். எடுத்ததும் உலகம் திரும்பி வந்துவிடும். செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம், சீழ் இருக்கலாம், நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். இவற்றில் பலவும் மருந்தாலோ அறுவைச் சிகிச்சையாலோ சரியாகக்கூடியவை. சரியாக்கக்கூடிய காதில் மெஷினை மாட்டிக்கொள்வது, ஓட்டைப் பானையை மூடி போட்டு மூடுவது போல.

எங்கே போவது? உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இ.என்.டி. பிரிவு இருக்கிறது. எங்கள் பக்கத்தவர்களுக்கு ஈரோடும் பெருந்துறையும் நாமக்கல்லும் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையும் ஒரு பஸ் தூரம். சிக்கலான குறை என்றால் வேலூர் சி.எம்.சி., சென்னை முட்டுக்காட்டில் பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், மைசூரில் அகில இந்திய பேச்சு, கேட்டல் நிறுவனம் என்று கதவுகள் இருக்கின்றன. வரிசையில் நிற்க வேண்டும், நில்லுங்கள்! சினிமாவுக்கும் ரேஷனுக்கும் நின்ற கால்கள் காதுக்காக அரை நாள் நிற்காதா?

ஒரே ஒரு விஷயத்தில் அரை நாள்கூடக் காத்திருக்காதீர்கள். நேற்று வரை நன்றாகக் கேட்ட காது இன்று திடீரென்று அடைத்துக்கொண்டால், குறிப்பாக ஒரு பக்கம் மட்டும் மங்கினால், அது அவசரம். "சளிதான், போயிடும்" என்று எண்ணெய் விட்டுப் படுத்துவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். நாள் தள்ளத் தள்ள, போன கேட்டல் திரும்பும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

சோதிப்பவர் யார்? தைரியமாகக் கேளுங்கள்

மருத்துவர் காதைப் பார்த்தபிறகு, எவ்வளவு கேட்கிறது என்று அளப்பவர் ஆடியாலஜிஸ்ட். இதற்கென்று தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. பயிற்சிக் காலத்தோடு நான்கு ஆண்டுகள். படித்து முடித்தவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்து எண் பெற வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கவுன்சில் அது.

வெள்ளைக் கோட்டு போட்டவரெல்லாம் ஆடியாலஜிஸ்ட் அல்ல. கவுண்டரில் மெஷின் விற்பவரே ஹெட்போனையும் மாட்டிவிடும் கடைகள் இருக்கின்றன. ஆகவே கேளுங்கள்: "நீங்க என்ன படிச்சிருக்கீங்க? ஆர்.சி.ஐ. பதிவு எண் இருக்குங்களா?" இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. உண்மையாகப் படித்தவருக்கு அந்தக் கேள்வி பெருமை. சுவரில் மாட்டிய சான்றிதழைக் காட்டுவார். முகம் சுளித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுங்கள். ஆட்டுச் சந்தையில் பல்லைப் பார்க்காமல் ஆடு வாங்காதவர்கள் நாம். காதைக் கொடுக்கும் இடத்தில் கேள்வி கேட்கக் கூசலாமா?

உண்மையான சோதனையின் அடையாளம்

நல்ல சோதனை எப்படி இருக்கும் என்று தெரிந்தவரை யாராலும் ஏமாற்ற முடியாது. மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கதையைக் கேட்பார்கள்: என்ன வேலை, எத்தனை வருடம், காதில் இரைச்சல் உண்டா, தலைசுற்றல் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று. பிறகு விளக்கு வைத்த கருவியால் காதின் உள்ளே பார்ப்பார்கள்.

அடுத்து, வெளிச்சத்தம் நுழையாத தனி அறை. இது முக்கியம். கதவைச் சாத்தியதும் உங்கள் மூச்சே உங்களுக்குக் கேட்கும் அளவுக்கு அமைதி வேண்டும். சந்தைக்கடையில் தங்கத்தை எடை போடுவார்களா? சத்தத்துக்கு நடுவில் காதை அளப்பதும் அப்படித்தான்.

ஹெட்போனை மாட்டி, வலது காதுக்குத் தனியாக, இடது காதுக்குத் தனியாக, தடித்த ஒலியிலிருந்து மெல்லிய கீச்சொலி வரை, 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கச் செய்வார்கள். கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். பின்பு காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் ஒரு சிறு அதிர்வியை வைத்து மறுபடி அளப்பார்கள். குறை வெளிக்காது, நடுக்காதுப் பாதையிலா, உள்காதிலா என்று பிரித்துக் காட்டுவது இந்த இரண்டாவது அளவுதான். எலும்பு வழிச் சோதனை செய்யாமல் முடிவு சொன்னால் அது பாதிச் சோதனை. கூடவே, சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைப்பார்கள். அது தமிழில் நடக்க வேண்டும். தமிழில் வாழும் காதை வேறு மொழிச் சொல்லால் அளந்தால் சரியான அளவு வராது. செவிப்பறையின் அசைவைப் பார்க்க, காற்றழுத்தச் சோதனை தேவைப்படலாம்.

இதெல்லாம் முடிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். கருவிக்கும் ஆண்டுக்கு ஒரு முறை அளவு சரிபார்ப்பு உண்டு. கடைசியாக எப்போது பார்த்தது என்று கேளுங்கள். நீங்களும் ஒன்று செய்யுங்கள்: ராத்திரி ஷிப்டு முடித்த கையோடு சோதனைக்குப் போகாதீர்கள். தறிச் சத்தம் பட்ட காது சில மணி நேரம் மரத்துக் கிடக்கும்; அளவு தப்பாகிவிடும். ஒரு நாள் லீவு போட்டு, காதுக்கு ஓய்வு கொடுத்து, மறுநாள் காலையில் போங்கள்.

அந்தப் படம் உங்கள் சொத்து

சோதனை முடிந்ததும் ஒரு கட்டம் போட்ட தாளில் கோடு விழும். அதற்குப் பெயர் ஆடியோகிராம். சிவப்பு வட்டம் வலது காது. நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு மேலே இருந்தால் நல்லது. கீழே இறங்க இறங்கக் குறை அதிகம். 20 டெசிபெலுக்குள் இருந்தால் இயல்பு. அதைத் தாண்டி 35 வரை லேசான குறை. 50 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமை கூடிக்கொண்டே போகும்.

பிறகு முறையாக முழுச் சோதனை செய்தபோது, என் அப்பாவின் தாளில் கோடு முதலில் சாதாரணமாக நடந்து வந்து, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் தொப்பென்று பள்ளத்தில் விழுந்திருந்தது. "ரொம்ப வருஷம் சத்தத்துல வேலை பாத்தீங்களா?" என்று தாளைப் பார்த்ததுமே அவரைச் சோதித்த ஆடியாலஜிஸ்ட் கேட்டார். இரைச்சலால் கெடும் காதின் கைரேகை அந்தப் பள்ளம். முப்பது வருட உழைப்பு ஒரு கோட்டில் எழுதியிருந்தது.

எங்களுக்கு இன்னொன்றும் அன்று விளங்கியது. அப்படிப்பட்ட காதில் உயிரெழுத்தின் ஓசை விழும். ச, த போன்ற மெல்லிய ஓசைகள் நழுவிவிடும். 'காசு' என்பதும் 'காது' என்பதும் ஒன்றாகிவிடும். "சத்தம் கேக்குது, பேச்சு புரியல" என்று அப்பா வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு சரி! நாங்கள்தான் அவர் கவனிப்பதில்லை என்று திட்டினோம்.

இந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். "மெஷின் வாங்கினாத்தான் ரிப்போர்ட் தருவோம்" என்று யாரேனும் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காசு கொடுத்தது சோதனைக்கு. அதன் முடிவு உங்களுடையது. சந்தேகம் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் போங்கள். ஆண்டுதோறும் சேர்த்து வையுங்கள். பத்திரத்தை வைக்கும் பெட்டியில் வையுங்கள்!

விற்பவர் முன் நிமிர்ந்து உட்காருங்கள்

மெஷின் தேவை என்று முடிவானால், சோதனை நடந்த நாளிலேயே பணம் கட்டாதீர்கள். ஒரு ராத்திரி தள்ளுங்கள். 'இன்றைக்கு மட்டும் சலுகை' என்பது அவசரப்படுத்தும் பேச்சு. உங்கள் காது நாளைக்கும் இருக்கும்.

பிறகு போய் இவற்றைக் கேளுங்கள். என் ஆடியோகிராமுக்கு இந்த மெஷின்தான் பொருத்தம் என்று ஏன் சொல்கிறீர்கள்? போட்டுப் பார்க்கச் சில நாள் தருவீர்களா? மறுபடி வந்து சத்தத்தைச் சரிசெய்ய எத்தனை முறை காசு வாங்காமல் பார்ப்பீர்கள்? ரிப்பேர் இங்கேயே நடக்குமா? உத்தரவாதம் எத்தனை வருடம்? பேட்டரி மாதத்துக்கு எவ்வளவு ஆகும்?

மெஷினை உள்ளூரில் வாங்குங்கள் என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. காது மெஷின் ஒரு நாள் வேலை அல்ல. முதல் வாரம் தட்டு மோதும் ஓசைகூட இடி போல விழும். பல வருடம் அமைதியில் கிடந்த மூளை மறுபடி பழக வாரங்கள் ஆகும். இரண்டு மூன்று தடவை போய் அளவைத் திருத்த வேண்டியிருக்கும். தொலைதூர நகரத்தில் வாங்கியவர்களில் பலருடைய மெஷின் அலமாரியில் தூங்குவது, போய்த் திருத்திவர முடியாததால்தான். பஸ் ஏறிப் போய் மத்தியானத்துக்குள் திரும்பும் தூரத்தில், படித்தவர் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பிச்சை அல்ல, உரிமை

காசு இல்லை என்று பின்வாங்குகிறீர்களா? மத்திய அரசின் 'அடிப்' திட்டத்தின் கீழ், வருமான வரம்புக்குள் வரும் மாற்றுத்திறனாளிகளுக்குச் செவித்துணைக் கருவி கிடைக்கும். உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் படியேறிக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபெல் குறை இருந்தால் கேட்டல் குறையுடையவர். 70-க்கு மேல் என்றால் செவித்திறனற்றவர். அதற்கான சான்றும் அடையாள அட்டையும் பெறுவது உங்கள் உரிமை.

இரைச்சலால் வரும் கேட்டல் இழப்பை நம் நாட்டின் தொழிலாளர் சட்டங்கள் தொழில்சார் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கின்றன. உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அந்த மருத்துவமனைக்குப் போய், நீங்கள் செய்த வேலையைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சொல்லாத வரை உங்கள் காதை எந்தச் சட்டமும் தேடி வராது.

உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா? கைதட்டிப் பார்த்து "நல்லாத்தான் திரும்புது" என்று விட்டுவிடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. மருத்துவ உலகம் சொல்லும் கெடு இது. தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்தே அளந்துவிடலாம், வலிக்காது. பிறவிக் குறை என்றாலும் ஆறு வயதுக்குள் உள்காதில் காக்ளியர் கருவி பொருத்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் நம் மாநிலத்தில் உதவுகிறது. "பொண்ணுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சா யார் கட்டுவாங்க" என்று மறைக்கும் தாய்மாரே, மறைக்கும் ஒவ்வொரு மாதமும் அவளுடைய பேச்சிலிருந்து கழிகிறது!

இன்றைய வேலை

இந்தப் பக்கத்தை மூடியதும் ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொல்லுங்க." முதல் முறை நாக்கு தடுக்கும். பரவாயில்லை. மனைவியிடம் சொல்லுங்கள், மகனிடம் சொல்லுங்கள், டீக்கடையில் சொல்லுங்கள். அதைச் சொல்லப் பழகிய வாய், ஆடியாலஜிஸ்ட்டின் படிப்பைக் கேட்கும். மெஷினின் விலையைக் கேட்கும். அலுவலகத்தில் உரிமையைக் கேட்கும்.

சோதனை முடிந்த அடுத்த வாரம் அப்பாவுக்கு மறுபடி கூலிப் பேச்சு வந்தது. நான் வாசலில் நின்றேன். அப்பா வழக்கமாக உட்காரும் மூலை பெஞ்சில் உட்காரவில்லை. நாற்காலியை இழுத்து, முதலாளியின் முகத்துக்கு நேரே போட்டுக்கொண்டார். "எனக்குக் காது மந்தமுங்க. மொகத்தைப் பாத்து மெதுவாச் சொல்லுங்க. மீட்டருக்கு எவ்வளவுங்க?"

முதலாளி சொன்னார். அப்பா, "மறுக்கா ஒரு தடவை சொல்லுங்க" என்றார். அவர் மறுபடி சொன்னார்.

அன்றைக்கு அப்பாவின் காதில் மெஷின் இல்லை. அது கைக்கு வர இன்னும் பதினைந்து நாள் இருந்தது. ஆனாலும், பல வருடத்துக்குப் பிறகு அன்றுதான் என் அப்பா கேட்டார்.